சிகிச்சை அறையும் வரவேற்பு மேசையும்: தெரபி உதவியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையின் பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் சிகிச்சை) பிரிவுகளில் உதவியாளராகச் சேர்பவரிடம் வரவேற்பு மேசையும் ஒப்படைக்கப்படும்போது, பலரும் அதைச் சிகிச்சையோடு தொடர்பில்லாத எழுத்து வேலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அடிப்படையான தவறு இதுதான். இந்தப் பணியில் கவலைப்பட வேண்டிய பிழைகள் பெரும்பாலும் ஒரு வேலையை விட்டு மற்றொன்றுக்கு எழுந்து போகும் நேரத்திலேயே நேர்கின்றன.

நடைப்பயிற்சிக் கம்பிகளுக்கிடையே நோயாளி நின்றுகொண்டிருக்கும்போது மேசையில் தொலைபேசி ஒலித்தால், "ஒரு நிமிடம், பிடித்துக்கொண்டு நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு அவசரமான அழைப்புக்கும் கூடாது. நீண்ட நாள் படுக்கையில் இருந்தவர் எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் அவருடைய மேல் இரத்த அழுத்தம் 20 மி.மீ. அல்லது அதற்கு மேலும் குறையக்கூடும். தலைசுற்றல் தொடங்கியதை அவர் வாய்விட்டுச் சொல்வதற்குள் முழங்கால் மடங்கிவிடலாம். போயே ஆக வேண்டுமென்றால், முதலில் அவரை உட்கார வைத்து, சக்கர நாற்காலியின் இரண்டு பிரேக்குகளையும் போட்ட பிறகே நகர வேண்டும். பயிற்சி தொடங்குமுன் தொலைபேசியை வேறொருவர் பொறுப்பில் விடுவது இன்னும் நல்லது. அதற்கு ஆள் இல்லையென்றால் மணி அடித்து ஓயட்டும்; தவறிய அழைப்பைப் பிறகு திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

வெப்ப ஒத்தடத்திலும் இதே ஆபத்து உண்டு. ஹாட் பேக் (சூடான ஒத்தடப் பை) ஊறும் தொட்டியின் நீர் 70 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும் என்பதால், பேக்கை ஆறு முதல் எட்டு அடுக்குத் துண்டு சுற்றியே வைக்கிறார்கள். வைத்த ஐந்து நிமிடத்தில் எடுத்து, தோலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மேசையில் வரிசை நீண்டுவிட்டால் மறந்துபோவது அந்த ஐந்தாவது நிமிடம்தான். நீரிழிவால் கால் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. ஆகவே "சுட்டால் கூப்பிடுங்கள்" என்பது அவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு ஆகாது. உணர்வு குறைந்த பகுதி என்றால் ஒத்தடம் வேண்டுமா என்பதையே முதலில் தெரபிஸ்டிடம் கேட்க வேண்டும்.

காத்திருக்கும் கூடத்தில் நல்லெண்ணத்தால் விளையும் தவறுகள் வேறு வகை. பக்கவாதம் வந்தவர் தண்ணீர் கேட்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்குச் சாதாரண நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். அவருக்கு நீர்மத்தைக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு கோப்பில் இருக்கலாம். கோப்பைப் பார்க்காமல், செவிலியரைக் கேட்காமல், ஒரு வாய் நீரும் தரக் கூடாது. அதேபோல், இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் பலருக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும். அவரைத் தாழ்வான சோபாவில் உட்கார வைப்பது உபசாரம் போலத் தோன்றினாலும் மூட்டு விலகும் ஆபத்தை உண்டாக்குகிறது. பக்கவாதத்தில் தளர்ந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதும் தோள்மூட்டைக் காயப்படுத்தும்.

நான் மிகவும் கவலைப்படுவது மேசையில் வந்து விழும் கேள்விகளைப் பற்றி. "நேற்றிலிருந்து வலி கூடிவிட்டது, பயிற்சியைச் செய்யலாமா?", "கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதே, தேய்த்துவிடலாமா?" என்று கேட்பவருக்கு, நாள்தோறும் சிகிச்சையைப் பார்த்துப் பழகிய உதவியாளர் பதில் சொல்லிவிடத் துடிப்பது இயல்பு. ஆனால் தெரபிஸ்ட் வகுத்த திட்டத்தை அவர் மேற்பார்வையில் நிறைவேற்றுவதே உதவியாளரின் பொறுப்பு. அதைக் கூட்டவோ குறைக்கவோ அவருக்கு உரிமையில்லை. அந்தக் கால் வீக்கம் காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில், அதாவது இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். தேய்த்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். கேட்டதை உடனே, நோயாளியின் சொற்களிலேயே தெரபிஸ்டிடம் சேர்ப்பதுதான் செய்ய வேண்டியது. அவசரமில்லாத நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதும் பதில் சொல்லிவிடுவதற்குச் சமமான தவறே. மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் நோயாளி பல சமயம் முதல் தகவலைச் சொல்கிறார்.

அடையாளம் சரிபார்க்கும்போது "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்கக் கூடாது. காது மந்தமானவரும் பதற்றத்தில் இருப்பவரும் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். பெயரையும் பிறந்த தேதியையும் அவரே சொல்லக் கேட்க வேண்டும். பேச்சிழந்தவரிடம் ஆம், இல்லை என்ற பதிலைக்கூட நம்ப முடியாமல் போகலாம் என்பதால் கைப்பட்டையையோ அட்டையையோ பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதைச் சாக்காக வைத்து அவரை விட்டுவிட்டு உடன் வந்தவரிடமே எல்லாவற்றையும் பேசுவது அவரை அவமதிப்பதாகும். சொல் வராதவர்களிலும் பலருக்கு நாம் பேசுவது புரிகிறது. நோயின் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லி அழைப்பதும், உறவினர் என்று தொலைபேசியில் சொல்பவருக்கு விவரம் தருவதும் கூடாது.

விசைப்பலகையைத் தொட்ட கையோடு நோயாளியைத் தொடக் கூடாது. சானிடைசர் கொண்டு தேய்க்க 20 முதல் 30 நொடிதான் ஆகும்.

நேரம் ஒதுக்குவதிலும் சிகிச்சை அறிவு வேண்டும். இருவர் தாங்கி எழுப்ப வேண்டிய இரண்டு நோயாளிகளை ஒரே நேரத்தில் பதிவு செய்தால், ஒருவரை ஒற்றை ஆளாகத் தூக்கும் நிலை வரும். அதில் நோயாளியும் விழலாம், உதவியாளரின் முதுகும் கெடலாம். பேஸ்மேக்கர், கர்ப்பம், உடலில் உலோகம் ஆகியவற்றைப் பதிவின்போதே கேட்டுக் கோப்பின் முகப்பில் எழுதிவிட்டால், மின்சிகிச்சைக் கருவிகளை இயக்குபவர் தவறு செய்ய வாய்ப்புக் குறையும்.

குறிப்புகளை மாலையில் நினைவிலிருந்து மொத்தமாக எழுதுவதும், முந்தைய நாள் வரிகளை அப்படியே பெயர்த்தெழுதுவதும் வேலை மிகுந்த பிரிவுகளில் தெரியாமலேயே பழகிவிடும். எத்தனை முறை செய்தார், எங்கே நிறுத்தினார், என்ன சொன்னார் என்பதை அடுத்தவரை அழைக்குமுன் எழுதிவிட வேண்டும். காகிதக் கோப்பில் பிழை நேர்ந்தால் வெள்ளை மை பூசி மறைக்காமல், ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும்.