மேற்கத்திய செவ்வியல் இசையின் ‘பள்ளி’களைக் காதால் பிடிப்பது எப்படி?

ஒரு குழுவாகச் சேர்த்துப் பேசப்படும் இசையமைப்பாளர்களைத்தான் ‘பள்ளி’ என்கிறார்கள். மான்ஹைம் பள்ளி, இரண்டாம் வியன்னாப் பள்ளி, ரஷ்ய ஐவர், பிரெஞ்சு அறுவர் என்று பட்டியலை மனப்பாடம் செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்த ஆட்கள் நிஜமாகவே ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்களா, இல்லை வெளியிலிருந்து யாரோ பெயர் ஒட்டினார்களா என்று முதலில் பாருங்கள். என்ன மாதிரி கேட்க வேண்டும் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

புதிதாகக் கேட்பவர்கள் மான்ஹைமிலிருந்து தொடங்கலாம், அதுதான் சுலபம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில், ஆட்சியாளர் கார்ல் தியோடோரின் அரண்மனை ஆர்க்கெஸ்ட்ராவை யோஹான் ஷ்டாமிட்ஸ் வழிநடத்தினார். ரிக்டர், கன்னபிஷ் எல்லாரும் அதே அரண்மனையில் சம்பளம் வாங்கியவர்கள். வாசிப்பவர்களில் பலர் தாங்களே இசை எழுதுகிறவர்கள் என்பதால், இங்கிலாந்திலிருந்து போய்ப் பார்த்த இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி அதை ‘தளபதிகளின் படை’ என்றார்.

ஷ்டாமிட்ஸின் டி மேஜர் சிம்பொனி (ஓபஸ் 3, எண் 2; ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) எடுத்துக்கொண்டு இரண்டு விஷயங்களுக்கு மட்டும் காது கொடுங்கள். ஒன்று, மெல்லத் தொடங்கி மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் படிப்படியாகச் சத்தம் கூட்டிக்கொண்டே போகிற ‘கிரெசெண்டோ’ (இது இத்தாலிய ஓபராவிலும் இருந்ததுதான், மான்ஹைம்காரர்கள் அதற்குப் பேர் வாங்கிக்கொண்டார்கள்). இன்னொன்று ‘ராக்கெட்’: ஒரே கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) சுரங்கள் மடமடவென்று மேலேறும் மெட்டு. அப்புறம் மோட்சார்ட்டின் 40ஆவது சிம்பொனியில் கடைசிப் பகுதியின் தொடக்கத்தையும், பீத்தோவனின் முதல் பியானோ சொனாட்டா தொடங்கும் விதத்தையும் கேளுங்கள், அதே ராக்கெட். மோட்சார்ட் 1777இல் வேலை தேடி மான்ஹைமுக்கே போய்ச் சில மாதங்கள் தங்கினார். வேலை கிடைக்கவில்லை, ஆனால் அந்த ஆர்க்கெஸ்ட்ராவைக் கிட்ட இருந்து கேட்டார்.

இரண்டாம் வியன்னாப் பள்ளி நம் ஊர் குரு–சிஷ்ய வகை. 1904இல் ஷோன்பெர்க்கிடம் பாடம் கேட்க வந்தவர்கள் பெர்கும் வெபெர்னும். இங்கே குருவிலிருந்து தொடங்காதீர்கள், பாதியிலேயே ஓடிவிடுவீர்கள். பெர்கின் வயலின் கன்செர்ட்டோவை (வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, 1935) முதலில் கேளுங்கள். பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அதை வைத்தே இசை அமைக்கும் பன்னிரண்டு சுர முறையில் எழுதியதுதான், ஆனால் கடைசிப் பகுதியில் பாக்கின் கோரல் (தேவாலயப் பாடல்) ஒன்று உள்ளே வரும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்துவிடும். வெபெர்னின் ஆறு பகாடெல்களை (குட்டிக் குட்டி இசைத்துண்டுகள்) அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், மொத்தமே நாலைந்து நிமிடம்தான்.

பிரெஞ்சு அறுவரிடம் பொதுவான ஒலியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1920இல் ஆன்ரி கொலே என்ற விமர்சகர் வைத்த பெயர் அது. அந்த அறுவரில் ஒனெகரையும் பூலாங்கையும் அடுத்தடுத்துக் கேட்டாலே தெரிந்துவிடும்.

முசோர்க்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோவ் உள்ளிட்ட ஐந்து இசையமைப்பாளர்கள்தான் ரஷ்ய ஐவர். இவர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முசோர்க்ஸ்கியின் ‘மொட்டை மலையில் ஓர் இரவு’ என்று நீங்கள் கேட்பது பெரும்பாலும், அவர் இறந்த பிறகு நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் திருத்தி எழுதிய வடிவமாகத்தான் இருக்கும். முசோர்க்ஸ்கியின் முரட்டுத்தனம் வேண்டுமென்றால் 1867ஆம் ஆண்டின் மூல வடிவம் என்று போட்டிருக்கும் பதிவைத் தேடி எடுங்கள்.