முகத்தில் பூசும் தனக்கா இழைக்கும் நேரமும் பாடவேளைதான்: செவிக்கருவி அணிந்த குழந்தைக்கு வீட்டிலேயே பேச்சு வளர்க்கும் முறை

என் மகனுக்கு இரண்டு வயது நிரம்பும் முன் இரு காதுகளுக்கும் செவிக்கருவி பொருத்தியபோது, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுப் பர்மிய மொழியை மட்டும் பேசுங்கள் என்று எங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. சில மாதங்கள் அதைக் கடைப்பிடித்தோம். சந்தையில் விலை கேட்கும் அளவுக்கே பர்மியம் தெரிந்த அப்பத்தா, பேரனிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். நானும் தேடித் தேடிப் பேசியதால் என் வாக்கியங்கள் சுருங்கிப்போயின. குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைப்பவர்களுக்கு எந்த மொழி தடையின்றி வருகிறதோ, அந்த மொழியே குழந்தைக்கு முதலில் வேண்டும். தமிழும் பர்மியமும் சேர்ந்து குழந்தையைக் குழப்பிவிடும் என்ற அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. செவிக்கருவி அணிந்த குழந்தைகளும் இரண்டு மொழிகளைக் கற்றுக்கொள்கின்றனர். மியான்மரின் யாங்கோனிலும் மோல்மேனிலும் இதே நிலையில் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, குழந்தை விழித்திருக்கும் நேரம் முழுவதும் கருவி காதில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. காலையில் கருவியை மாட்டியவுடன், குழந்தையின் பக்கவாட்டில் அமர்ந்து, உதடு தெரியாதபடி ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். டேனியல் லிங் என்பவர் வகுத்த இந்த ஆறும், பேச்சிலுள்ள தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை தொட்டுவிடுகின்றன. கைக்குழந்தையானால் கண் விரிவதையும் தலை திரும்புவதையும் கவனியுங்கள். பொருள்களை வாயில் போடும் வயதைக் கடந்த குழந்தையானால், ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடச் சொல்லிப் பழக்கலாம். நேற்று வரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லை என்றால், மின்கலம் தளர்ந்திருக்கலாம், காதுக்குள் பொருந்தும் அச்சின் குழாயில் நீர் கோத்திருக்கலாம், அழுக்கு அடைத்திருக்கலாம். சளி பிடித்த குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தேங்கியும் இருக்கலாம். கருவியைச் சரிசெய்த பின்னும் கேட்கவில்லையென்றால் கேள்திறன் நிபுணரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டும். நம் ஊரின் நீண்ட மழைக்காலத்தில், இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் வைப்பது அவசியம். பட்டன் மின்கலங்களைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், அவை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. வீட்டுக்குள்ளும் தள்ளிப் போகப் போகக் குரல் தேய்ந்து இரைச்சலில் கலந்துவிடும். மின்வெட்டு வந்தவுடன் தெருவெங்கும் ஜெனரேட்டர்கள் முழங்கும் நகரத்தில், அடுக்களையிலிருந்து கூப்பிட்டுவிட்டுக் குழந்தை திரும்பவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. ஒரு கை நீளத்திற்குள் வந்து, இயல்பான குரலில் பேசுங்கள். கத்தினால் சொல்லின் உருவம் சிதைந்துவிடும். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைத் தெருவை நோக்காத உள்ளறையில் கழிப்பது என்று நாங்கள் வழக்கப்படுத்திக்கொண்டோம்.

தினமும் நடப்பதும், முகத்துக்கு முகம் இருப்பதும், வரிசை மாறாததுமான வேலையே மொழி கற்பிக்க ஏற்றது. இந்த நாட்டில் அதற்குத் தனக்கா, அதாவது மரக்கட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்து எடுக்கும் குழம்பை, முகத்தில் பூசுவதைவிடச் சிறந்த வேலையை நான் கண்டதில்லை. கட்டையை எடுக்கும் முன்பே, "தனக்கா போடலாமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். காட்டிவிட்டுச் சொன்னால் கண் வேலை செய்துவிடும், காதுக்கு வேலை இருக்காது. ஆகவே சொல் முன்னே, பொருள் பின்னே. பிறகு கல்லில் நீர் தெளித்து, "தண்ணி ஊத்து, ஊத்து, போதும்" என்று சொல்லி, சந்தனம் இழைப்பதுபோல் கட்டையை வட்டமாக இழைக்கும்போது, "கேக்குதா? சர் சர்னு சத்தம்" என்று அந்த ஒலியையும் காட்டிக் கொடுங்கள். கன்னத்தில் வைத்தவுடன் குழந்தை சிலிர்க்கும் அந்த நொடியில், "ஐயோ, சில்லுன்னு இருக்கு!" என்று சொல்லுங்கள், உடல் உணர்ந்த நேரத்திலேயே வந்து சேரும் சொல் எளிதில் மறக்காது. "இந்தக் கன்னம் ஆச்சு, இன்னொரு கன்னம்?" என்று நிறுத்தினால், சில நாட்களில் குழந்தை தானாகவே மறு கன்னத்தைக் காட்டும். அது சொல்லைப் புரிந்துகொண்டதன் அடையாளம். வாய் திறந்து சொல்வது பின்னால் வரும்.

தமிழின் அமைப்பும் நமக்கு உதவுகிறது. பல், பால், படி, பாடி என்ற குறில் நெடில் வேறுபாடு கால அளவில் இருப்பதால், மெல்லிய ஒலிகள் பிடிபடாத குழந்தைக்கும் அது பிடிபட வாய்ப்பு அதிகம். ல, ள, ழ வேறுபாட்டுக்கு அவசரப்பட வேண்டாம். கற்பிக்க விரும்பும் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைத்தால் அது காதில் நிற்கும்: "எங்கே உன் செருப்பு?" என்று நாம் இயல்பாகவே கேட்கலாமே. ஆனால் வினைச்சொல்லின் விகுதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். பேச்சில் "வந்தான்" என்பதன் இறுதி மூக்கொலியாகவும், "வந்தாள்" என்பதன் இறுதி 'ள்' இல்லாமலும் தேய்ந்துபோவதால், இரண்டும் குழந்தைக்கு ஒன்றாகவே கேட்கக்கூடும். தொடக்கத்தில் "பூனை வந்துச்சு", "மாமா வந்தாரு", "அம்மா வந்தாங்க" என நன்றாக வேறுபடும் வடிவங்களை மிகுதியாகப் புழங்கலாம்.

கேள்வி கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதுவே எனக்கு மிகக் கடினமாக இருந்தது. குழந்தை "பா" என்று மட்டும் சொன்னாலும், "பாலா? சூடான பால் வேணுமா?" என்று சற்று நீட்டித் திருப்பிக் கொடுங்கள், "சரியாச் சொல்லு" என்று திருத்தினால் வாய் மூடிவிடும். அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாமல், கருவி பொருத்திய நாளிலிருந்து கேட்கும் வயதை எண்ணுங்கள். குறையின் அளவு, தொடங்கிய வயது ஆகியவற்றைப் பொறுத்து வேகம் மாறும்.

தெருவிலும் விளையாட்டிலும் பர்மியம் வந்து சேரும். கருவியால் போதிய பயன் கிடைக்காத குழந்தைக்குச் சைகை மொழியை மறுக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. யாங்கோனில் மேரி சாப்மன் காது கேளாதோர் பள்ளி 1920 முதல் இருந்துவருகிறது.

ஏப்ரலில் திஞ்ஜான் நீர்த்திருவிழா வரும்போது மட்டும் கருவியைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றும் முன், "இப்போ தண்ணி விளையாடப் போறோம், மிஷினை டப்பாவில வைக்கிறோம், வந்ததும் மாட்டலாம்" என்று காதில் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வெளியே அருகிலேயே நின்று, முகம் பார்த்துச் சைகை காட்டுங்கள். வீடு திரும்பித் தலை துவட்டி, காது நன்றாக உலர்ந்தபின் கருவியை மாட்டி, "யாரு உன் மேல தண்ணி ஊத்துனாங்க?" என்று கேட்டுவிட்டுப் பத்து வரை எண்ணுங்கள்.