கால் குடைச்சலும் ராத்திரிப் பிளேன்டியும்: நான் செய்து பார்த்து அடங்கிய முறை

படுத்து அரை மணித்தியாலத்துக்குள் கெண்டைக்காலுக்குள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். வலி என்றும் சொல்ல முடியாது. காலை அசைக்காமல் வைத்திருக்க முடியாது, அவ்வளவுதான். எழுந்து குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தால் அடங்கும், திரும்பப் படுத்தால் மறுபடி தொடங்கும். இரண்டு வருஷம் இப்படியே போனது. என் கட்டில் விரிப்பில் குதிகால் படுகிற இடம் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்து கிடந்தது.

அம்மாவுக்கும் இதே தொல்லை இருந்தது. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். ‘கால் குடையுது’ என்று சொல்லிப் பழைய சேலைக் கிழிசலை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார். நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிய களைப்பு என்றுதான் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் நினைத்தோம். இதற்கு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சின்ட்ரோம் என்று பெயர் இருப்பதும், சுவீடன் மருத்துவர் கார்ல் எக்பொம் 1945இலேயே அந்தப் பெயரை வைத்துவிட்டார் என்பதும், இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பதும் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அம்மா கட்டிய அந்தத் துணியை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: இது அதுதானா?

நான்கு அடையாளங்கள். காலை அசைக்கவேண்டும் என்ற தவிப்பு, சும்மா இருக்கும்போது கூடுவது, நடந்தால் குறைவது, பொழுதுபட்டால் மோசமாவது. நான்கும் இருந்தால் பெரும்பாலும் இதுதான். சதை கல்லாக இறுகி வலித்தால் அது கெண்டைப் பிடிப்பு, வேறு விஷயம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பாதம் எரிவதும் விறைப்பதும் வேறுதான், நடந்தாலும் அது அடங்காது. சந்தேகம் இருந்தால் டொக்டரிடம் இந்த நான்கையும் அப்படியே சொல்லுங்கள். ‘கால் வலி’ என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரைதான் கையில் கிடைக்கும்.

படி 2: ஒரு கொப்பி

இரண்டு கிழமைக்கு மூன்றே விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டேன் அல்லது குடித்தேன், என்ன மருந்து போட்டேன், கால் எப்போது தொடங்கியது. போன் செயலிகள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ராத்திரி ஒரு மணிக்குப் போனைக் கையில் எடுத்தால் வருகிற கொஞ்ச நித்திரையும் போய்விடும். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும்.

படி 3: பெரிட்டின் இரத்தச் சோதனை என்று கேட்டுச் செய்யுங்கள்

இந்தக் குடைச்சலுக்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று மூளைக்குப் போதிய இரும்புச்சத்து கிடைக்காமல் போவது. எனக்கு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு, 12.4 இருக்கிறது, இரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருஷம் வீணானது அதனால்தான். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின். என்னுடையது 19. இந்த நோய் உள்ளவர்களுக்கு 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுக்க யோசிப்பார்கள். ஆய்வுகூடத் தாளில் ‘சாதாரணம்’ என்று இருக்கிற எண்ணும் நமக்குப் போதாமல் இருக்கலாம். காலையில், வெறும் வயிற்றில் போய் இரத்தம் கொடுங்கள். காய்ச்சல், தொற்று இருக்கும் நாளில் வேண்டாம், அந்த நேரம் பெரிட்டின் கூடித்தான் காட்டும்.

படி 4: தேத்தண்ணியை நகர்த்துவது

நான் சறுக்கியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டொக்டர் இரும்பு மாத்திரை எழுதித் தந்தார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பிளேன்டியோடு, அதாவது பால் ஊற்றாத தேத்தண்ணியோடு, விழுங்கினேன். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். மறுபடி சோதித்தால் 21. மூன்று மாத மாத்திரைக்கு இரண்டு எண்! கொப்பியைத் திறந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. காலை ரொட்டியோடு பிளேன்டி, பகல் சோற்றுக்குப் பிறகு பிளேன்டி, நாலு மணிக்குப் பால் தேத்தண்ணி, மாத்திரையோடும் பிளேன்டி.

தேயிலையின் துவர்ப்பு இருக்கிறதே, அந்தச் சத்து குடலில் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாது. மரக்கறி, பருப்பு, கீரை இரும்புக்குத்தான் இந்தத் தடை அதிகம். ரொட்டி, சம்பல், பருப்பு என்று நாம் சாப்பிடுவதில் இருப்பதும் பெரும்பாலும் அந்த இரும்புதான். பால் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்கவேண்டாம், பாலில் உள்ள கல்சியமும் தடுக்கும். அதோடு கஃபீன் வேறு. மாலையில் குடித்த தேநீரின் கஃபீனில் பாதி, ஐந்தாறு மணித்தியாலம் கழித்தும் உடம்பில் நிற்கும்.

தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடு என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நேரத்தை மாற்றினால் போதும். நான் செய்வது இதுதான்: விடியற்காலை எழுந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. பத்து மணிக்கு ஒன்று. பகல் சோறு முடிந்து ஒரு மணித்தியாலம் தள்ளிக் கடைசி ஒன்று. அதற்குப் பிறகு இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணி. முதல் நான்கைந்து நாள் தலை இடிக்கும். ஒரேயடியாக நிறுத்தாமல் ஒவ்வொன்றாகக் குறைத்தால் தாங்கலாம்.

சாப்பாட்டில் புளிப்பைச் சேருங்கள். கீரைச் சுண்டலை இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள், சோற்றுக்குப் பிறகு ஒரு கொய்யாப்பழம். விட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். நெத்தலியோ ஈரலோ கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றபடி, தவிர்க்கவேண்டிய உணவு என்று நீளப் பட்டியல் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் கொப்பியில் தேநீரும் இரவுச் சொக்லேட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தன. சிலருக்குச் சாராயம் கிளப்பிவிடும். உங்கள் கொப்பி என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

படி 5: மாத்திரை

சோதிக்காமல் பாமசியில் வாங்கிப் போடவேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கும் இரத்தம் குறைவாகக் காட்டும், அவர்களுக்கு இரும்பு தேவையில்லாமல் சேர்ந்தால் கெடுதல். எனக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மாற்றித் தந்தார்கள், வயிற்றுக்கும் அது இதமாக இருந்தது. தேசிக்காய்த் தண்ணியோடு போடுகிறேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள், இந்த மாத்திரை அவர்களுக்கு உயிராபத்து. ஆறு மாதத்தில் பெரிட்டின் 68 ஆனது. கிழமைக்கு ஐந்து ராத்திரி என்று இருந்த குடைச்சல் ஒன்றாகக் குறைந்தது.

அந்த ஒரு ராத்திரிக்கு: பேசினில் சுடுதண்ணி ஊற்றி முழங்கால்வரை பத்து நிமிஷம், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு கெண்டையை இழுத்து நீட்டுவது. நம்முடைய குளிருக்கு எந்தத் தைலத்தையும்விட இதுதான் மேல்.

பிறகு சேர்த்தவை

பண்டாரவளைப் பக்கத்து அக்கா ஒருவர், எல்லாம் செய்தும் அடங்கவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தால், பனிக்காலத் தடிமனுக்குத் தினமும் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மாத்திரை போட்டிருக்கிறார். தூக்கம் வரவைக்கிற அந்த வகை ஒவ்வாமை மாத்திரைகள் இந்தக் குடைச்சலைக் கூட்டும். சில மனச்சோர்வு மருந்துகளும் அப்படித்தான், ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணித் தங்கைகளுக்கு இது வருவது சாதாரணம், பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் போய்விடும். கிளினிக்கில் தருகிற இரும்பையும் கல்சியத்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து ராத்திரி பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்கள் நடைபாதைப் பக்கத்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பஸ் ஏறுமுன் கடையில் பிளேன்டி குடிக்காமல், பஸ் நிலையத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு ஏறுங்கள்.