அலறும் அலர்ட்டை அடக்குவதும் தவறுதலாகப் போகும் அவசர அழைப்பை நிறுத்துவதும்: முதல்முறை செய்பவர்களுக்கு

விடியற்காலையில் போன் அலறினால் யாருக்கும் கோபம் வரும். சைலன்டில் போட்டிருப்போம், தலையணைக்கு அடியில் வைத்திருப்போம், அப்படியும் அலறும். பதறி எழுந்து பார்த்தால் எங்கோ தொலைவில் நடந்த ஒரு விஷயம். 2024 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இப்படித்தான் ஆனது. மாநிலத்தின் வடக்குக் கோடியில் ஒரு காவல் அதிகாரியைச் சுட்டதாகத் தேடப்பட்டவரைப் பற்றி அரசு போன்களுக்கு அனுப்பிய அலர்ட், அதாவது அவசர எச்சரிக்கை, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் காலை 4.50 மணிக்கு எழுப்பியது. ஆயிரக்கணக்கானோர் புகார் அனுப்பினார்கள். அலர்ட்டையே அணைத்துவிட்டோம் என்றும் பலர் சொன்னார்கள்.

அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அரைத் தூக்கத்தில் அணைக்கிறவர்கள் வெள்ளம், நிலநடுக்கம், காட்டுத்தீ அலர்ட் எல்லாவற்றையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். அதே வீட்டில் அவசர உதவி எண்ணுக்கு யாருக்கும் தெரியாமல் போன் போய்க்கொண்டும் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே உட்காரலில் சரிசெய்துவிடலாம், அரை மணி நேரம் போதும். உறவினர்கள் போன்களில் நான் செய்துகொடுக்கும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி வருகிறது?

இந்த அலர்ட் எஸ்எம்எஸ் இல்லை. செல் பிராட்காஸ்ட் என்ற முறை. வானொலி நிலையம் ஒலிபரப்புவது போல, செல்போன் டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும். உங்கள் நம்பர் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால் "என் நம்பர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று பயப்படத் தேவையில்லை. நெட்வொர்க் நெரிசலில் போன் பேச முடியாத நேரத்திலும் இது வந்து சேரும். டேட்டாவும் வேண்டாம், டவர் சிக்னல் இருந்தால் போதும். ஏரோபிளேன் மோடில் போட்டால் வராது.

படி 1: எது அலறியது என்று பாருங்கள்

செட்டிங்ஸைத் திறந்து தேடல் பெட்டியில் "எமர்ஜென்சி" என்று தட்டுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் பாதுகாப்பு, அவசரநிலை பற்றிய பகுதிக்குள் "வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்" இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தைத் திறந்து கடைசிவரை கீழே இறங்குங்கள், அங்கே இருக்கும்.

பல ஆண்ட்ராய்டு போன்களில் இதுவரை வந்த அலர்ட்டுகளின் பட்டியலும் உண்டு. இரவில் பதற்றத்தில் தள்ளிவிட்ட செய்தியை இப்போது நிதானமாகப் படியுங்கள். எந்த வகை, எத்தனை மணி, யார் அனுப்பியது? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், படி 3-இல் வேண்டியிருக்கும்.

படி 2: வகை பிரித்து அணையுங்கள்

முக்கியமான படி இதுதான். மொத்தமாக அணைக்கும் ஸ்விட்ச் மேலேயே கண்ணில் படும். அதைத் தொடாமல் கீழே வாருங்கள். நாட்டைப் பொறுத்து வகைகள் மாறினாலும், பொதுவாக உயிருக்கு மிகக் கடுமையான அபாயம், கடுமையான அபாயம், காணாமல் போன குழந்தைகள், சோதனை அலர்ட் என்று தனித்தனியாக இருக்கும்.

முதல் இரண்டும் கட்டாயம் ஆனில் இருக்கட்டும். காட்டுத்தீ நெருங்குகிறது, அணை உடையப்போகிறது என்பதெல்லாம் இவற்றில்தான் வரும். ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை தருகிறார்கள். வேகமாக ஓடிவரும் முதல் அதிர்வைக் கருவிகள் பிடித்து, பின்னால் மெதுவாக வரும் பலமான அதிர்வுக்கு முன் எச்சரிக்கை போகிறது. கிடைப்பது சில வினாடிகள்தான். மேசைக்கு அடியில் புகுந்துகொள்ள அது போதும். அந்தச் சில வினாடிகளுக்காகத்தான் சைலன்டில் இருந்தாலும் போன் அலறும்படி செய்திருக்கிறார்கள்.

சோதனை அலர்ட்டைத் தாராளமாக அணைக்கலாம். குழந்தை காணாமல் போன அலர்ட்டை அணைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஒரு கார் எண்ணை யாரோ ஒருவர் சாலையில் கவனித்ததால் குழந்தைகள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதை நினைத்து என் போனில் ஆனில்தான் வைத்திருக்கிறேன். சில நாடுகளில் ஒரு வகையை அணைக்கவே முடியாது, அமெரிக்காவில் தேசிய அளவிலான அலர்ட் அப்படிப்பட்டது. ஸ்விட்ச் நகரவில்லை என்றால் போனில் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வேன். வீட்டில் வன்முறைக்கு ஆளாகி, உதவிக்காக இரண்டாவது போன் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஒளித்த போன் அலறினால் அவர்கள் உயிருக்கே ஆபத்து. 2023 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் நாடு தழுவிய சோதனை அலர்ட் அனுப்புவதற்கு முன் இதைச் சொல்லியே எச்சரித்தார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இந்த நிலையில் இருந்தால், இந்த ஒரு பத்தியையாவது நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். மெசேஜ் அனுப்ப வேண்டாம், அது யார் கண்ணிலும் படலாம்.

படி 3: புகாரைச் சரியான இடத்தில் கொடுங்கள்

தேவையில்லாத அலர்ட் வந்தால், அனுப்பிய அலுவலகத்துக்கோ தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கோ எழுதுங்கள். நேரம், நீங்கள் இருந்த இடம், ஸ்கிரீன்ஷாட், இவ்வளவு போதும். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சிறு பகுதிக்கான வெளியேற்ற எச்சரிக்கை, சுமார் ஒரு கோடிப் பேர் வாழும் கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) முழுவதற்கும் போய்விட்டது. ஏற்கனவே தீ சூழ்ந்திருந்த நேரம் அது. அனுப்புகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் காட்டியே ஆக வேண்டும். மக்கள் ஒருமுறை நம்பிக்கை இழந்தால் அடுத்த அலர்ட்டைப் படிக்கக்கூட மாட்டார்கள்.

படி 4: அலறும்போது அவசர எண்ணுக்குப் போன் போடாதீர்கள்

2018 ஜனவரி 13, காலை 8.07. ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று ஹவாய் மாநிலம் முழுவதும் போன்கள் அலறின. ஒத்திகையின்போது ஊழியர் ஒருவர் நிஜ அலர்ட்டை அனுப்பிவிட்டார். தவறு என்று போனில் திருத்தம் வர 38 நிமிடம் ஆனது. மறுப்புச் செய்தி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். அந்த நேரத்தில் "உண்மையா?" என்று கேட்க மக்கள் அங்குள்ள அவசர எண்ணான 911-ஐ அழைத்தார்கள். லைன்கள் திணறின. மாரடைப்பு வந்தவர் வீட்டிலிருந்து அழைத்தாலும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும்.

அதனால், அலர்ட் வந்தால் முழுசாகப் படியுங்கள். ஓடு, பதுங்கு, மேட்டுக்குப் போ என்று சொன்னால் முதலில் அதைச் செய்யுங்கள். அப்புறம் வானொலியிலோ டிவியிலோ அரசின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

படி 5: தானாகப் போகும் அழைப்பை நிறுத்துங்கள்

பல போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும். உயிர் காக்கும் வசதிதான். ஆனால் இறுக்கமான பாக்கெட்டிலும் கைப்பையிலும் பட்டன் தானாகவே அழுந்துகிறது. 2023-இல் ஆண்ட்ராய்டு போன்களில் இந்த வசதி பரவலாக வந்தபோது, பிரிட்டனிலும் ஐரோப்பாவின் வேறு நாடுகளிலும் அவசர எண்ணுக்கு வரும் பேச்சில்லாத அழைப்புகள் கூடிவிட்டதாகக் காவல்துறையே அறிவித்தது.

ஆண்ட்ராய்டில் "எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்" பக்கத்துக்குப் போங்கள். தானாகத் தொடங்குவது, திரையில் விரலை வைத்து மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் தொடங்குவது என்று இரண்டு வழிகள் இருந்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். கவுன்ட்டவுன் சத்தத்தையும் ஆன் செய்யுங்கள், பைக்குள் அலறினால் எடுத்து நிறுத்திவிடலாம். ஐபோனில் "எமர்ஜென்சி எஸ்ஓஎஸ்" பக்கத்தில், பட்டனை அழுத்திப் பிடித்துப் பிறகு விரலை எடுத்தால் அழைப்பது, ஐந்து முறை அழுத்தினால் அழைப்பது இரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் உண்டு. தனியாக வாழ்பவர்கள், வயதானவர்கள் போனில் ஒன்றையாவது விட்டு வையுங்கள். எதை எப்படி அழுத்த வேண்டும் என்று அவர்கள் கையிலேயே போனைக் கொடுத்துப் பழக்குங்கள், கவுன்ட்டவுன் தொடங்கியதும் ரத்து செய்யவும் காட்டிக்கொடுங்கள்.

விபத்தைக் கண்டுபிடிக்கும் வசதியை அணைக்க வேண்டாம். 2022-இல் புதிதாக வந்தபோது பனிச்சறுக்கையும் ரோலர் கோஸ்டரையும் விபத்து என்று எடுத்துக்கொண்டு சில ஐபோன்கள் அழைத்தன, பிறகு அப்டேட்டில் திருத்தினார்கள். உங்கள் போனிலும் அப்டேட் நிலுவையில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

படி 6: தவறுதலாக அழைப்பு போய்விட்டால் துண்டிக்காதீர்கள்

எல்லோரும் தவறு செய்கிற இடம் இது. வெட்கத்தில் சட்டென்று கட் பண்ணிவிடுகிறோம். அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: யாரோ அழைத்தார், பேசவில்லை, லைன் அறுந்தது. மயங்கி விழுந்தாரா, யாராவது போனைப் பிடுங்கினார்களா என்று தெரியாது. பல நாடுகளில் அவர் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும், சில சமயம் ஆளையும் அனுப்ப வேண்டும்.

லைனிலேயே இருந்து, "தவறுதலாக வந்துவிட்டது, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை" என்று சொல்லுங்கள். பத்து வினாடியில் முடிந்துவிடும். உண்மையான தவறுக்காக யாரும் திட்ட மாட்டார்கள். ஏற்கனவே துண்டித்துவிட்டீர்களா? சரி, அடுத்த சில நிமிடங்களுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள்.

படி 7: பழைய போனைப் பாருங்கள்

என் மகளுக்கு நான்கு வயதில் ஒரு பழைய போனைப் பாட்டு கேட்கக் கொடுத்திருந்தேன். சிம் இல்லை, அதனால் எங்கும் போகாது என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு பொம்மையின் பெயரை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வது போல "அம்மா இங்கதான் இருக்காங்க" என்றாள். வாங்கிக் காதில் வைத்தேன். ஒரு பெண் குரல், அவ்வளவு பொறுமையாக, "செல்லம், அம்மாகிட்ட போனைக் குடுக்கிறியா?" என்றது. அவசர உதவி எண்ணிலிருந்து பேசினார். நாங்கள் பேசிய அந்த நேரம் முழுக்க ஒரு லைன் அடைபட்டிருந்தது.

லாக் ஸ்கிரீனில் இருக்கும் எமர்ஜென்சி பட்டன் பாஸ்வேர்டு இல்லாமலே வேலை செய்யும். பல நாடுகளில் சிம்மும் தேவையில்லை. பழைய போனைக் குழந்தைக்குக் கொடுத்தால் ஏரோபிளேன் மோடில் மட்டும் வைத்தால் போதாது, அவசர எண்ணை அழைத்தால் அந்த மோடைத் தாண்டிச் சில போன்கள் நெட்வொர்க்கைத் தேடும். பேச்சு வசதியே இல்லாத, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் பரவாயில்லை. அலமாரியில் சும்மா கிடக்கும் போனை முழுவதும் ஆஃப் செய்து வையுங்கள்.

படி 8: உண்மையில் அழைக்கும்போது

உயிருக்கு ஆபத்து, தீ, இப்போது நடக்கும் குற்றம் என்றால் யோசிக்காமல் அழையுங்கள். கரன்ட் போனது, பக்கத்து வீட்டுச் சத்தம், வழி கேட்பது இதற்கெல்லாம் வேறு எண்கள் இருக்கின்றன, இன்றே போனில் சேமித்து வையுங்கள். உங்கள் நாட்டின் அவசர எண் எதுவென்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999. பெரும்பாலான செல்போன்கள் 112-ஐ எங்கிருந்து அழுத்தினாலும் அவசர அழைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

எடுத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். லைன் அறுந்தாலும் அதை வைத்து ஆள் அனுப்பலாம். அப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. அவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பியிருக்கக்கூடும், எனவே "கேள்வி கேட்காமல் அனுப்புங்கள்" என்று கத்த வேண்டாம். வைக்கச் சொல்லும்வரை வைக்காதீர்கள்.

பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும். அதனால் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் முகவரியும், பக்கத்தில் சட்டென்று தெரியும் ஓர் அடையாளமும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம், என் மகள் எட்டும் உயரத்தில்.