வீட்டிலேயே தம்பி தங்கைக்கு நீட் மாதிரித் தேர்வு வைப்பது எப்படி?

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் தம்பியோ தங்கையோ நீட்டுக்குத் தயாராகிறார்களா? நீங்கள் பி.காம். படித்தவராக இருந்தாலும் சரி, விலங்கியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக இருந்தாலும் சரி, ஒரு மாதிரித் தேர்வை ஒழுங்காக நடத்தித் தர உங்களால் முடியும். பாடம் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மூன்று மணி நேரம் கண்காணிப்பாளர், அப்புறம் கொஞ்ச நேரம் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான் வேலை. இதில் கணக்குப்பிள்ளை வேலைதான் முக்கியம், அதைத்தான் நிறைய வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். மார்க்கைக் கூட்டிப் பார்த்துவிட்டு "என்னடா, 380தானா?" என்று கேட்டுத் தாளைப் பரணில் போட்டால் அந்த மதியம் தண்டம்.

முதல் வேலை: வினாத்தாள்

2025-இல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும், விட்டுவிட்டால் ஒன்றுமில்லை. முறை மாறினாலும் மாறும், அதனால் இவர்கள் எழுதப்போகும் ஆண்டின் தகவல் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய வினாத்தாள்தான் சிறந்த மாதிரித் தாள். ஆனால் அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் கொடுத்து 180-க்கு விடையளிக்கச் சொன்னார்கள். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஒவ்வொன்றிலும் 50, அதில் பி பிரிவு என்ற கடைசி 15-இல் ஏதாவது 10 எழுதினால் போதும். அந்தத் தாள் கிடைத்தால் ஒவ்வொரு பாடத்திலும் கடைசி 5 கேள்விகளை அடித்துவிடுங்கள், 180 ஆகிவிடும். 2022 முதல் 2024 வரை நேரமும் 20 நிமிடம் கூடுதல், அந்தச் சலுகை 2025-இல் இல்லை. 2020 தாளை அடிக்காமல் கொள்ளாமல் அப்படியே வைக்கலாம். ஒன்று மட்டும்: 2024 தேர்வுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள், அதற்கு முந்தைய தாள்களில் நீக்கப்பட்ட பாடங்களின் கேள்விகளும் இருக்கும். திருத்தும்போது அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தேர்வறையில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள்தான் வரும், இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பு தவறு என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்றம் 196 கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லி, கடைசியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அதனால் தமிழ் மட்டும் உள்ள தாளில் பழக்காதீர்கள். குழப்பமான கேள்வி வந்தால் கண் தானாக ஆங்கில வரிக்குப் போகும் பழக்கம் இப்போதே வரவேண்டும்.

அறை, நேரம், பேனா

ஞாயிறு மதியம் 2 மணி முதல் 5 மணி வரை வையுங்கள். 2025-இல் உண்மையான தேர்வும் அதே நேரம்தான், சாப்பிட்டதும் கண்ணைச் சொருகும் நேரம். காலை 6 மணிக்கு எழுதி வாங்கும் மார்க்கை நம்பவேண்டாம். கைக்கடிகாரம் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எழுதட்டும். போன் உங்களிடம். அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் மூன்றரைக்கு டீயோடு கதவைத் திறப்பார்.

ஓஎம்ஆர் தாள், அதாவது விடைக்குரிய வட்டத்தைக் கறுப்படிக்கும் தாள், கட்டாயம். நெட்டில் மாதிரித் தாள் கிடைக்கும், பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு பால்பாயின்ட் பேனா மட்டும்தான், பென்சில் கூடாது, ஏனென்றால் அங்கே ஒருமுறை கறுப்படித்த வட்டத்தை மாற்ற முடியாது. ஒரு வட்டத்துக்கு 4 விநாடி என்று வைத்தாலும் 180-க்கு 12 நிமிடம் போய்விடும். கடைசியில் மொத்தமாக அடித்துக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் முடித்ததும் அந்தப் பக்கத்து விடைகளை அடித்துவிட்டு அடுத்த பக்கம் போகட்டும். நடுவில் ஒரு கேள்வியை விட்டு அடுத்த வட்டத்தில் அடித்து வரிசையே இடறும் ஆபத்தும் இதில் குறைவு.

எந்தப் பாடம் முதலில்? பலர் உயிரியலில் தொடங்குவார்கள், அதுவே நல்லது. உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 65, மீதி 15 விட்டதைப் பார்க்க. இது தொடக்கக் கணக்குதான், இரண்டு மூன்று தேர்வுக்குப் பிறகு அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

புள்ளி வைக்கச் சொல்லுங்கள்

இதை மட்டும் விடாதீர்கள். உறுதியில்லாமல் எழுதும் ஒவ்வொரு விடைக்கும் வினாத்தாளில் அந்தக் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஓஎம்ஆரில் வேண்டாம், வினாத்தாளில்.

ஏன் என்றால், குருட்டாம்போக்கில் அடித்துச் சரியானது மார்க்கில் மறைந்துகொள்ளும். அடுத்த முறை அதே கேள்வி வந்தால் தப்பாகலாம். திருத்தி முடித்ததும் புள்ளி வைத்தவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். 30 புள்ளியில் 9 சரி, 21 தவறு என்றால் 36-இல் 21 போக 15 லாபம். 5 மட்டும் சரி என்றால் 20-இல் 25 போய் 5 நட்டம். ஐந்துக்கு ஒன்று சரியானால் வரவும் செலவும் சமம். "நெகட்டிவ் இருக்கு, தெரியாததைத் தொடாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட இந்தக் கணக்கைப் பாடவாரியாகக் காட்டுவது மேல். உயிரியலில் இரண்டு விடைகளை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை அடிப்பது பெரும்பாலும் லாபம்தான். இயற்பியலில் கதை வேறு. வழக்கமாகச் செய்யும் தவறில் என்ன விடை வருமோ அதையே கொடுக்கும் நான்கு விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார்கள், அரைகுறையாகக் கணக்குப் போட்டவர் நேராக அதில் போய் விழுவார்.

திருத்திய பிறகு

அன்றே திருத்துங்கள், ஆனால் அன்றே அலச வேண்டாம். மூன்று மணி நேரம் உட்கார்ந்தவருக்கு அன்று மாலை எதுவும் ஏறாது, சண்டைதான் வரும்.

மறுநாள் ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தப்பானவை, விட்டவை, புள்ளி வைத்துச் சரியானவை எல்லாவற்றுக்கும் கேள்வி எண், பாடம், காரணம். காரணத்தை அவர்தான் சொல்லவேண்டும், நீங்கள் எழுதினால் போதும். பாடமே படிக்கவில்லையா, படித்து மறந்ததா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, கணக்குப் பிழையா, நேரம் போதவில்லையா? எல்லாவற்றுக்கும் "சில்லி மிஸ்டேக்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். "அப்படியென்றால் இப்போது போட்டுக் காட்டு" என்று அதே கேள்வியை நீட்டுங்கள், போட முடியவில்லை என்றால் அது பாடம் தெரியாத கணக்கில் சேரும். வாசிப்புப் பிழை அதிகம் என்றால் பெரும்பாலும் "தவறான கூற்று எது", "பொருந்தாதது எது" வகைதான்; அந்தச் சொல்லை வட்டமிட்டுவிட்டுப் படிக்கும் பழக்கம் போதும்.

பட்டியலில் எந்தப் பாடம் அதிகம் வருகிறதோ அதை என்சிஇஆர்டி புத்தகத்தில் திரும்பப் படிக்கட்டும். அடுத்த ஞாயிறே இன்னொரு முழுத் தேர்வு வேண்டாம். சனிக்கிழமை மாலை நோட்டில் உள்ள கேள்விகளை மட்டும், கொடுத்த நான்கு விடைகளையும் மறைத்துக் கேளுங்கள். பாதிக்குமேல் வந்துவிட்டால் அடுத்த வினாத்தாளை ஜெராக்ஸ் எடுக்கலாம்.