5 டேப்லெட், 38 பிள்ளைகள், பஸ்ஸில் ஏறிய ஓர் ஆடு: பாட்டு வகுப்பில் கூட்டாகக் கதை செய்வது எப்படி

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதையே செய்ய வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு முதன்முதலாக டேப் எடுத்துக்கொண்டு போன அன்று, மணி அடித்ததும் ஐந்தையும் மேசையில் பரப்பி, "குழுவா உட்கார்ந்து ஒரு கதை சொல்லி அதுக்கு மியூசிக் போடுங்க" என்று சொல்லிவிட்டேன். 40 நிமிஷமும் டிரம்ஸ்தான். ஒரே நேரத்தில் ஐந்து டிரம்ஸ். பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், கதை ஒரு வரிகூட வரவில்லை. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. தட்டினால் சத்தம் வருகிற பொருளைக் கையில் கொடுத்துவிட்டுத் தட்டாதே என்றால் யார்தான் கேட்பார்கள்?

இப்போது நாலு பீரியடாகப் பிரித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு பாட்டு வகுப்புதான் என்பதால் ஒரு மாதம் ஓடிவிடும், ஓடட்டும். முதல் இரண்டு பீரியடில் டேப் பையை விட்டே வெளியே வராது.

இன்னொன்று, ஆளுக்கு ஒரு டேப் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஏழெட்டுப் பேருக்கு ஒன்று போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. ஆளுக்கு ஒன்று கொடுத்தால் ஆளுக்கு ஒரு மூலையில் குனிந்துகொள்வார்கள், கூட்டுக்கதை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசு கொடுத்த கையடக்கக் கணினி ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறதா? அதுவும் போதும், குழுக்களை முறை வைத்து அழைத்தால் சரி.

முதல் பீரியடு: காதுக்குக் கேட்கிற கதை

ஒவ்வொரு குழுவிடமும் மூன்று கேள்வி. எந்த இடம்? யார் வருகிறார்? என்ன சங்கடம்? ஐந்து நிமிஷத்தில் பதில் வர வேண்டும், அதற்கு மேல் விட்டால் பேயும் ராக்கெட்டும் வந்துவிடும். எங்கள் குழு ஒன்று சொன்னது: ஊர்க்கோடி பஸ் ஸ்டாப், நொண்டி நடக்கிற ஓர் ஆடு, மழையில் அது கடைசி டவுன் பஸ்ஸில் ஏறிவிடுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்புறம் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள், இந்தக் கதையில் காதில் விழுவது என்னென்ன? கண்ணில் படுவதை எழுதினால் அடித்துவிடுங்கள். பஸ்ஸின் நிறம் வேண்டாம், கதவு படார் என்று சாத்துவது வேண்டும். ஒரு பெண் "ஆடு சோகமா இருந்துச்சு" என்று எழுதினாள். அது எப்படிம்மா கேட்கும் என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "கழுத்து மணி மெதுவா அடிக்கும் சார், நடுவுல நின்னு நின்னு" என்றாள். அன்றைய பாடம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது, மிச்ச நேரம் சும்மா வெளியே விட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

சத்தத்துக்கான சாமான்களை அவர்களே அடுத்த வாரம் கொண்டுவருவார்கள். குளம்புச் சத்தத்துக்குக் கொட்டாங்குச்சி இரண்டு. மணிக்குச் சாவிக்கொத்து. எவர்சில்வர் தட்டில் கடுகை மெல்லச் சாய்த்தால் தூறல், முறத்தில் அரிசியைப் புடைத்தால் நல்ல மழை. கதவுக்கு வகுப்பு பீரோ இருக்கிறது. இன்ஜினுக்குக் கடைசி பெஞ்சில் எப்போதும் ஒருவன் இருப்பான்.

இரண்டாம் பீரியடு: சத்தம் சொன்னதை வாய் சொல்லக்கூடாது

நான் கண்டுபிடித்த ஒரே விதி இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை. பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்தது இப்படி இருந்தது: "அப்போது இடி இடித்து மழை பெய்தது. ஆடு பயந்துபோய் வேகமாக ஓடிவந்து பஸ்ஸில் ஏறியது. கண்டக்டர் விசில் அடித்தார்." சரி, இடியைக் கேட்கவைக்க முடியுமா? முடியும், பெஞ்சில் குத்தினால் போதும். மழை? முறம் இருக்கிறது. ஓடியது? கொட்டாங்குச்சி. விசிலுக்கு விசில். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றது ஒரே வரி: "ஆடு பஸ்ஸுக்குள்ள வந்துருச்சு." 14 சொல் போய் 3 சொல். முதலில் பிள்ளைகளுக்கு மனசே வராது, எழுதியதை அடிப்பது மார்க்கைக் குறைப்பது மாதிரி. ஒரு தடவை கண்ணை மூடிக் கேட்கவைத்தால் அப்புறம் அவர்களே பேனாவோடு வந்து நிற்பார்கள்.

கதை சொல்கிற பிள்ளை பாடப் புத்தகம் வாசிக்கிற ராகத்தில் இழுப்பது அடுத்த தொல்லை. இதற்கு மருந்து நம் வில்லுப்பாட்டில் இருக்கிறது. முன்னால் இருப்பவர் கதை சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போட்டுக்கொண்டும் குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டும் கதையைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அதேதான். 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் நிகழ்ச்சி எதையாவது ஐந்து நிமிஷம் போட்டுக் காட்டுங்கள், விளக்கமே வேண்டியதில்லை. எங்கள் ஆட்டுக்கதை இப்படி ஆரம்பித்தது:

"பஸ் வந்துச்சு."
"வந்துச்சா? எத்தனை மணிக்கு?"
"அஞ்சு நாப்பதுக்கு வரவேண்டியது, ஆறரைக்கு வந்துச்சு."
"ஆமா, அது எப்பவும் அப்படித்தான்!"

எழுதித் தந்து வந்ததில்லை, தானாக வந்தது. ஒரே பிள்ளை நாலு நிமிஷம் பேசிக் களைத்துப்போகாது, கூச்சப்படுகிற பிள்ளைக்கும் ஓர் "ஆமா" கிடைக்கும்.

மூன்றாம் பீரியடு: டேப் வெளியே வரலாம்

ரெக்கார்டிங்குக்கு டேபிலேயே இருக்கிற வாய்ஸ் ரெக்கார்டர் போதும். முதல் வேலை ஃபேனை நிறுத்துவது. வகுப்பில் ஃபேன் ஓடுவது நம் காதுக்குத் தெரியாது, மைக்குக்கு அது ஹெலிகாப்டர். வெயில் காலத்தில் பிள்ளைகள் முனகுவார்கள், மூன்று நிமிஷம்தான் என்று சமாதானம் சொல்லுங்கள். மைக் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க ரெக்கார்டு போட்டுவிட்டு ஓரம் ஓரமாக விரலால் தட்டினால், எங்கே தட்டும்போது திரையில் அலை எகிறுகிறதோ அங்கே. பல டேப்களில் கவரே அதை மூடிக்கொண்டிருக்கும், கழற்றிவிடுங்கள். மடித்த துண்டின் மேல் டேபை வைத்தால் மேசை அதிர்வு ஏறாது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். பேச ஆரம்பிக்கும் முன் இரண்டு விநாடி சும்மா விடச் சொல்லுங்கள், பிறகு வெட்டி ஒட்ட வசதியாக இருக்கும். முடிந்த கையோடு குழுவின் பெயரும் காட்சி எண்ணும் போட்டு சேவ் செய்யவில்லை என்றால், அடுத்த வாரம் 'ரெக்கார்டிங் 14', 'ரெக்கார்டிங் 15' என்று வரிசையாக நிற்பதில் எது ஆடு எது பஸ் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் இருந்தேன்.

மெட்டுக்கு, கூகுளின் குரோம் மியூசிக் லேப் என்கிற இணையதளத்தில் இருக்கிற சாங் மேக்கர். காசு கிடையாது, லாகின் கிடையாது, பிரவுசரில் திறக்கும், போன் ஹாட்ஸ்பாட் போதும். கட்டம் கட்டமாக ஒரு பலகை வரும், கட்டத்தைத் தொட்டால் ஸ்வரம், அடியில் இருக்கிற இரண்டு வரிசை தாளத்துக்கு. வந்தபடியே விட்டால் நாலு தாள வட்டம், வட்டத்துக்கு 4 அடி, வேகம் 120, ஆக மொத்தம் 8 விநாடி. ஒரு காட்சிக்கு அந்த 8 விநாடி மெட்டு போதும், அதுவே திரும்பத் திரும்ப ஓடும்.

பாட்டு டீச்சருக்கு வேலை இருக்கிற இடம் இதுதான். செட்டிங்ஸில் ஸ்கேல் என்பதை பென்டடானிக், அதாவது ஐந்து ஸ்வர வரிசை, என்று மாற்றுங்கள். என்ன வருகிறது பாருங்கள்: ச ரி க ப த, நம் மோகன ராகம். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அபஸ்வரம் விழாது, முதன்முதலாகத் தொடுகிற பிள்ளைக்கும் காதுக்கு இதமாக ஏதாவது வரும். பஸ் கிளம்புகிற காட்சிக்கு அது. ஆடு தனியாக நிற்கிற காட்சிக்கு எதையும் மாற்ற வேண்டாம், தாள வரிசை இரண்டையும் விட்டுவிட்டுக் கீழிருந்து ஐந்தாவது வரிசையில், அதாவது 'த' என்கிற தைவதத்தில், ஆரம்பித்து அங்கேயே முடிக்கச் சொல்லுங்கள். கிரக பேதம்! அதே ஸ்வரங்களில் வேறொன்றை 'ச' ஆக்கி வேறு ராகம் எடுப்பது. மோகனத்தின் தைவதத்தை ஷட்ஜமாக, அதாவது 'ச'வாக, வைத்தால் சுத்த தன்யாசி ராகம். அந்தப் பெயரெல்லாம் அப்போது சொல்ல வேண்டியதில்லை, "அதே கட்டம்தானே சார், எப்படி அழுமூஞ்சியா மாறிடுச்சு?" என்று அவர்களாகக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, கிடையாது, ஸ்வரங்கள் ஆணி அடித்த மாதிரி விழும், நம் காதுக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். அதனால் மெட்டின் மேல் ஒரு பிள்ளையை அகாரத்தில், வார்த்தை இல்லாமல் 'ஆ' என்று, பாடவைக்கிறேன்.

தாளமும் அதே செட்டிங்ஸில். ஒரு வட்டத்துக்கு 5 அடி என்று மாற்றினால் கண்டம், அதாவது ஐந்தின் கணக்கு. தக தகிட, தக தகிட. நொண்டி ஆட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது, கொட்டாங்குச்சிப் பையன் அதைப் பிடிக்க இரண்டு நாள் தொடையில் தட்டிக்கொண்டே அலைந்தான். கட்டங்களை நிரப்பும் முன்பே இந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள்.

சேவ் செய்தால் ஒரு லிங்க் வரும். அதை அடுத்த குழு திறந்து மாற்றி சேவ் செய்தால் வேறு லிங்க் வரும், பழையது அப்படியே இருக்கும். இதை வைத்து தொடர்கதையே ஓட்டலாம்: ஒரு குழுவின் மெட்டை வாங்கி, இரண்டே கட்டத்தை மட்டும் மாற்றித் தன் காட்சிக்கு ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

நாலாம் பீரியடு: ஒட்டுவது, கேட்பது

ஒட்டுகிற வேலையை ஒரே டேபில், நீங்கள் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் என்கிற ஒலி ஒட்டும் ஆப் இலவசம், அக்கவுண்ட் உங்கள் பெயரில் இருக்கட்டும், பிள்ளைகள் யாரும் தொடங்க வேண்டாம். சாங் மேக்கரில் மெட்டை வேவ் ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம். பேச்சு ஒரு டிராக், சத்தங்கள் ஒன்று, மெட்டு ஒன்று. பேச்சு வரும்போது மெட்டின் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள், நீங்கள் பிடிவாதமாக இருங்கள். ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு ரெக்கார்டு செய்யாதீர்கள், சத்தம் தாமதமாக வந்து தாளம் நழுவும். வயர் வைத்ததுதான். ஐபேட் வைத்திருப்பவர்கள் இதே வேலையை கராஜ்பேண்ட் என்கிற ஆப்பில் செய்வீர்கள், அதில் ஒரு பகுதி 8 வட்டத்தோடு நின்றுவிடும், வேகம் 110 என்றால் சுமார் 17 விநாடி. கதை பாதியில் அறுந்துபோகிறதே என்று பதறாமல் மேலே இருக்கிற கூட்டல் குறியைத் தொட்டு, அந்தப் பகுதியின் நீளத்தை ஆட்டோமேட்டிக் ஆக்கிவிடுங்கள்.

பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் குரலை எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் போடவேண்டாம்.

போட்டுக் காட்டுவதற்கு அதே வகுப்பு சரிப்படாது, அவர்களுக்குக் கதை தெரியும். ஐந்தாம் வகுப்பைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி, முடிந்ததும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொன்னோம். மழை வந்தது, ஆடு வந்தது, கதவு சாத்தியது எல்லாம் சரியாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு பொடியன், "ஆடு ஏறினதும் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்திட்டாரு, ஆட்டை இறக்கி விட்டுட்டாரு" என்றான். எங்கள் ஆட்கள் கொதித்துப்போனார்கள், இறக்கவே இல்லை, பஸ் கிளம்பிப் போய்விட்டது என்று. திரும்பப் போட்டுக் கேட்டோம். விசில் ஒரு தடவைதான் அடித்திருந்தது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ, தினமும் பஸ்ஸில் வருகிற பையன் அவன். "பஸ் கிளம்பியது" என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா சார் என்று கதை சொல்கிற பெண் கேட்டு முடிப்பதற்குள், விசில்காரன் ஃபேனை நிறுத்தப் போய்விட்டான்.