மெயின்ஃப்ரேம் ஃபைல்: க்யூசாமா விசாமா, ஓட்டிப் பாத்து முடிவு பண்றது எப்படி

ஜேசிஎல் (ஜாப் ஓட்டச் சொல்ற ஸ்க்ரிப்ட்) எழுதி சப்மிட் பண்ண, ஸ்பூல்ல ஜாப் அவுட்புட் பாக்கத் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா ஆரம்பிக்கிறேன். புதுசா வர்றவங்க கேக்கறது "எந்த ஆக்சஸ் மெத்தட் ஃபாஸ்ட்?"னுதான், ஆனா உங்க ப்ரோக்ராம் ஃபைலை முழுசா படிக்கப் போகுதா, இல்ல அங்கங்க நாலு ரெக்கார்டை மட்டும் பொறுக்கப் போகுதான்னு தெரியாம அதுக்கு பதிலே சொல்ல முடியாது. ஆக்சஸ் மெத்தட்னா ஃபைலைப் படிக்கற முறை. ஒரே டேட்டாவை ரெண்டு விதமா வச்சு ஓட்டிருவோம்: வரிசையா படிக்கற சாதா ஃபைல் (க்யூசாம்), கீ வச்சுத் தேடற ஃபைல் (விசாம்).

ஸ்டெப் 1: சாதா ஃபைல்

ரெக்எஃப்எம்=எஃப்பி (ஒரே நீள ரெக்கார்டுகளை ப்ளாக்கா சேத்து வைக்கறது), எல்ரெக்எல்=80 (ரெக்கார்டு நீளம்), பிஎல்கேசைஸ்=0 (ப்ளாக் சைஸ்). ப்ளாக் சைஸை நீங்களா கணக்குப் போடாதீங்க, 0 குடுத்தா சிஸ்டமே 3390 டிஸ்க்குக்கு 27920 எடுத்துக்கும், அதாவது அரை ட்ராக்குக்கு ஒரு ப்ளாக், ஒரு ட்ராக்ல 698 ரெக்கார்டு. எஃப்பில அந்த பி விட்டுப்போச்சுன்னா ரெக்கார்டுக்கு ஒரு ப்ளாக் ஆயிரும், ஜாப் நகரவே நகராது. கோபால் (COBOL) ப்ரோக்ராம்ல படிச்சா இது க்யூசாம். பிசாம் ப்ளாக் ப்ளாக்கா குடுக்கும், பிரிச்சு எடுக்கறது உங்க வேலை, இப்போதைக்கு மறந்துருங்க.

ஸ்டெப் 2: கேஎஸ்டிஎஸ் டிஃபைன் பண்றது

கேஎஸ்டிஎஸ்னா கீ வரிசைல ரெக்கார்டு வைக்கற விசாம் ஃபைல். இங்கதான் நிதானமா போகணும். அக்கவுண்ட் நம்பர் 6வது காலம்ல இருந்து 15 வரைக்கும், 10 பைட்னு வச்சுக்குவோம். முதல்ல சார்ட்: ஃபீல்ட்ஸ்=(6,10,சிஹெச்,ஏ), சிஹெச் எழுத்து வகை, ஏ ஏறுவரிசை. அடுத்து ஐடிகேம்ஸ்ல (விசாம் ஃபைலை உருவாக்கி நிர்வகிக்கற யுடிலிட்டி) டிஃபைன் க்ளஸ்டர், அதுல கீஸ்(10 5).

ரெண்டும் ஒரே கீதான்! சார்ட்ல இடம் முதல்ல, நீளம் அப்புறம், எண்ணிக்கை 1ல இருந்து. கீஸ்ல நீளம் முதல்ல, இடம் அப்புறம், எண்ணிக்கை 0ல இருந்து. கீஸ்(10 6)னு போட்டுட்டா கீ 7ல இருந்து 16 வரைக்கும் ஆயிரும், ஆனா 6வது காலம் எல்லா ரெக்கார்டுலயும் 0வா இருந்தா சார்ட் ஆன வரிசை அப்படியே ஒத்துப்போகும், ரெப்ரோ (டேட்டாவை காப்பி பண்ற ஐடிகேம்ஸ் கமாண்ட்) ரிட்டர்ன் கோட் 0 குடுத்து சிரிக்கும். கோபால் ஓபன் பண்றப்போதான் ஃபைல் ஸ்டேட்டஸ் 39 (ஃபைலும் ப்ரோக்ராம்ல சொன்னதும் ஒத்துப்போகல) வந்து நிக்கும், நீங்க ப்ரோக்ராமை நோண்டிக்கிட்டே இருப்பீங்க. 39 வந்தா ப்ரோக்ராமைத் தொடாதீங்க, லிஸ்ட்கேட் (ஃபைலோட விவரம் காட்டற ஐடிகேம்ஸ் கமாண்ட்) போட்டு கீ நீளம், கீ இடம், ரெக்கார்டு சைஸ் மூணையும் ப்ரோக்ராம்ல ஃபைலை விவரிக்கற செலக்ட், எஃப்டி கூட வச்சு சரிபாருங்க.

ஸ்டெப் 3: லோடு

ரெப்ரோ. முடிஞ்சதும் ஐடிகேம்ஸ் ப்ரிண்ட்ல கவுண்ட்(5) போட்டு பாத்துருங்க. ஃபைல்எய்ட்னு ஃபைல் பாக்கற தனி டூல் அழகாதான் இருக்கு, ஆனா எல்லா ஷாப்லயும் இருக்காது, ஐடிகேம்ஸ் இல்லாத இசட்ஓஎஸ் (மெயின்ஃப்ரேம் ஆபரேட்டிங் சிஸ்டம்) கிடையாது, அதனால என் ஓட்டு இதுக்குத்தான்.

ஸ்டெப் 4: ஒப்பிடறது

கேஎஸ்டிஎஸ்ஸை முதல்ல சீக்வென்ஷியலா முழுசா படிங்க, அடுத்து அதே கீ எல்லாத்தையும் கலைச்சுப் போட்டு ரேண்டமா படிங்க. ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னயும் பின்னயும் லிஸ்ட்கேட் எடுத்து எக்ஸ்சிபிஎஸ் (டிஸ்க்குக்கு எத்தனை தடவை போச்சுங்கற) எண்ணோட வித்தியாசத்தைப் பாருங்க, அது கூட்டிக்கிட்டே போற எண், அப்படியே படிச்சா தப்பாயிரும். ரேண்டம்ல அது எகிறிரும், ஏன்னா ஒவ்வொரு கீக்கும் இண்டெக்ஸ்ல இறங்கி டேட்டாவுக்குப் போகணும். சும்மா விட்டா விசாம் டேட்டாவுக்கு 2 பஃபர், இண்டெக்ஸுக்கு 1தான் வச்சிருக்கும். ஜேசிஎல்ல ஏஎம்பி பாராமீட்டர்ல சீக்வென்ஷியலுக்கு பஃப்என்டி (டேட்டா பஃபர் எண்ணிக்கை), ரேண்டமுக்கு பஃப்என்ஐ (இண்டெக்ஸ் பஃபர் எண்ணிக்கை) ஏத்திட்டு மறுபடி ஓட்டுங்க, இதைப் பண்ணாம விசாம் ஸ்லோன்னு சொல்றவங்ககிட்ட நான் பேசறதே இல்ல.

ராத்திரி பேட்ச்ல மொத்த மாஸ்டரையும் படிக்கணும்னா சார்ட் பண்ண சாதா ஃபைலே போதும். சிக்ஸ்ல (CICS, ஆன்லைன் ட்ரான்சாக்ஷன் சிஸ்டம்) இருந்து ஒரு அக்கவுண்டைத் தேடணும்னா கேஎஸ்டிஎஸ். விசாம்ல வேற வகையும் இருக்கு: இஎஸ்டிஎஸ் லாக் மாதிரி கடைசில சேத்துக்கிட்டே போறதுக்கு, அதுல ரெக்கார்டை டெலீட் பண்ண முடியாது. ஆர்ஆர்டிஎஸ்ல ஸ்லாட் நம்பர்தான் கீ. ஐசாம்னு (விசாமுக்கு முந்தின ஆக்சஸ் மெத்தட்) பழைய நோட்ஸ்ல பாத்தா தாண்டிப் போங்க, இசட்ஓஎஸ் 1.7லயே தூக்கிட்டாங்க.

அப்டேட்: டிஃபைன் பண்ணியாச்சு, ஆனா இன்புட்டா ஓபன் பண்ணா ஸ்டேட்டஸ் 35 வருதுன்னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஃபைல் இருக்கு, ஆனா ஒரு தடவை கூட லோடு ஆகல, அதான். ரெப்ரோல ஒரே ஒரு டம்மி ரெக்கார்டு ஏத்தி, ஒரு சின்ன ப்ரோக்ராம்ல அதை டெலீட் பண்ணிருங்க, அப்புறம் காலியா இருந்தாலும் ஓபன் ஆயிரும்.